வண்டி சூடா இருக்கும்போது வர்ற கோளாறைக் காலையில பாத்து என்னய்யா கண்டுபிடிப்பீங்க, மெக்கானிக்குங்களே?

"சோக்கை இழுங்க சார்"னு இனிமே எவனாவது சொன்னா சாவியை அவன் கையிலயே குடுத்துட்டு பஸ் ஏறிடுவேன். ஜில்லுனு இருக்கற இன்ஜினுக்குக் காத்தைக் குறைச்சு பெட்ரோலைக் கூட்டிக் குடுக்கறதுதான் சோக்கு. கொதிக்கிற இன்ஜினுக்கு எதுக்குய்யா அது?

நேத்து மத்தியானம் வேலூர்ல ஒரு பங்க். பெட்ரோல் போட வண்டியை நிறுத்தித்தானே ஆகணும்? போட்டு முடிச்சு சாவியைத் திருகினா செல்ஃப் சுத்துது, சுத்துது, பிடிக்கவே மாட்டேங்குது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு விடறது) வச்ச பழைய மாருதி ஆம்னி வேன் வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்லணுமா? வண்டி நெறைய கல்யாணத்துக்கு வாழை இலைக் கட்டு, அந்த வெயில்ல வதங்குது. பின்னாடி கார்க்காரன் ஹாரன்ல இருந்து கையை எடுக்கல. பைக்ல வந்தவரு சோக்குங்கறாரு. ஆட்டோக்காரரு "ஆக்சிலேட்டரை மிதிச்சு மிதிச்சு விடுங்கண்ணே"ங்கறாரு. ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீச்சும். ஏற்கெனவே பெட்ரோல்ல மூழ்கிக் கெடக்கறதுக்கு இன்னும் ஊத்தச் சொல்றாங்க!

பங்க் பையன்தான் ரோட்டோரம் வரைக்கும் தள்ளிவிட்டான். நல்லா இருக்கட்டும். இன்ஜின் சீட்டுக்கு அடியிலதான். சீட்டைத் தூக்கினா முகத்துல அனல் அடிக்குது, குப்புனு பெட்ரோல் நாத்தம். ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாத்தா கார்புரேட்டர் வாய் பூரா ஈரம், ஓரத்துல சொட்டுச் சொட்டா எறங்குது. இன்ஜின் ஓடறவரைக்கும் காத்தும் தண்ணியும் ஓடிச் சூட்டை இழுத்துக்கும். நிறுத்தினதும் மொத்தச் சூடும் மேல கார்புரேட்டருக்கு ஏறுது. பெட்ரோல் 50 டிகிரிக்குக் கீழயே கொதிக்க ஆரம்பிச்சிடும். கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்கி நிக்கற ஃப்ளோட் சேம்பர்ல கொதிச்சு, ஜெட்டுங்கற சின்ன ஓட்டை வழியா, இன்ஜினுக்குப் போற மேனிஃபோல்டு குழாய்க்குள்ள வழிஞ்சிடுது. வாய் காஞ்சு கெடந்தா கதையே வேற, அது பெட்ரோல் வர்ற லைன்ல ஆவி அடைச்சு பெட்ரோல் ஏறாத கேஸ். நமக்கு ஈரம். அதனால காத்து நெறைய உள்ள போகட்டும்னு ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கி, விடாம, பம்ப் பண்ணாம செல்ஃப் அடிச்சேன். கரும்புகையைக் கக்கிட்டு பிடிச்சுது.

இது தெரிய வேண்டியது மெக்கானிக்குக்கு! அவரு என்ன சொல்றாரு? "நைட்டு விட்டுட்டுப் போங்க சார், காலையில பாக்கறேன்." காலையில ஜில்லுனு இருக்கற வண்டி அரைச் சுத்துல ஸ்டார்ட் ஆகுது. "நல்லாத்தானே சார் இருக்கு?" நல்லா இல்லைய்யா! ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிஷம் பக்கத்துல நின்னு பாருய்யா! அதுக்கு மட்டும் ஒருத்தருக்கும் நேரமில்ல. பிளக்கை மாத்து, காயிலை மாத்து, பேட்டரியை மாத்து, எல்லாம் என் காசு. கார்புரேட்டரைச் சர்வீஸ் பண்ண மகராசன், சூடு ஏறாம இருக்க அதுக்கு அடியில கம்பெனி வச்ச தடி இன்சுலேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு மெல்லிசா ஒரு பேப்பர் பாக்கிங்கை வச்சு முறுக்கிவிட்டிருக்கான். அதைக் கண்டுபிடிச்சதும் நான்தான்.

போதாக்குறைக்கு பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஓஸும் பெட்ரோல் பம்ப்ல இருக்கற டயஃப்ரம்ங்கற சவ்வும் அதைத் தாங்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். வேற பெட்ரோல் கேட்டா எங்க இருக்கு?

பெட்ரோலை விடுங்க, எந்த பங்க்குலயாவது காத்தாவது ஒழுங்கா கெடைக்குதா? ஓஸ் தொங்குது, மிஷின் நிக்குது, ஆளைக் கேட்டா சாப்பிடப் போயிருக்காராம். சாயங்காலம் நாலரை மணிக்கு என்ன சாப்பாடுய்யா?