கருத்துதானே, அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?

பேட்டி எடுக்கும் பாட்காஸ்ட் ஒன்றில் ரிசர்ச்சராக இருக்கிறேன் என்றால் அடுத்து வரும் கேள்வி இதுதான். வருகிறவர் மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போகப்போகிறார், நீ எதைப் போய் ஆராய்வாய்? சேர்ந்த புதிதில் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

கருத்து அவரவர் சொந்தம், சரி. ஆனால் அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு எண்ணைச் சொல்வார், ஒரு ஆண்டைச் சொல்வார், ஒரு பெரிய மனிதரின் மேற்கோளை எடுத்துப் போடுவார். அதெல்லாம் அவர் சொந்தம் இல்லையே! கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேச வருகிறவர்கள் அடிக்கடி எடுப்பது பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரை: "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்." வால்டேர் இறந்தது 1778இல். இந்த வரியை எழுதியவர் எவலின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேய எழுத்தாளர், 1906இல், வால்டேரின் மனப்போக்கைச் சுருக்கிச் சொல்வதற்காக. நான் கொடுக்கும் குறிப்பில் இது இருந்தால் தொகுப்பாளர் பேச்சோடு பேச்சாகத் திருத்திவிடுவார். இல்லாவிட்டால் கேட்பவர்கள் திருத்துவார்கள், அவ்வளவு மென்மையாக இருக்காது.

ஒரு விருந்தினருக்கு நான் தயாரிக்கும் குறிப்பு பன்னிரண்டு பக்கம் வரும். தொகுப்பாளர் படிப்பது முதல் பக்கம் மட்டும், அதுவும் மைக் சரிபார்க்கும் நேரத்தில். எனவே முதல் பக்கத்தில் இப்போது மூன்றே விஷயம். அவர் என்ன நம்புகிறார், அவரே படித்தால் "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி. எங்கே மனம் மாறினார். இதுவரை யாரும் அவரிடம் கேட்காதது எது. இந்த மூன்றாவதுக்காகத்தான் அவருடைய பழைய பேட்டிகளை எல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறேன். நாலாவது பேட்டிக்குள் எந்த ஜோக்குக்கு முன்னால் தொண்டையைச் செருமுவார் என்பதுவரை தெரிந்துவிடும்.

சறுக்கியதும் உண்டு. ஒருமுறை, பெயர் ஒன்றாக இருந்ததை நம்பி, வேறொருவர் எழுதிய கட்டுரையை விருந்தினர் தலையில் கட்டிவிட்டேன். தொகுப்பாளர் அதை வாசித்துக் காட்டி "இப்போதும் இதே நிலைப்பாடுதானா?" என்று கேட்டார். "அது நான் எழுதியதே இல்லையே" என்றார் அவர், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பகுதியை வெட்டிவிட்டோம். ஆனால் அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு பதிலையும் அளந்தே பேசினார். அதை எங்கே வெட்டுவது?

பழைய பேச்சிலிருந்து இருபது வினாடித் துண்டை எடுத்து ஆளை மாட்டிவிடுவதுதான் ரிசர்ச் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உதாரணம் காட்டுவது, 1977இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட், வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகியிருந்த அமெரிக்க அதிபர் நிக்சனை எடுத்த பேட்டி. அந்தக் குழுவில் ஆய்வாளராக இருந்த ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர், நீதிமன்ற ஆவணங்களைக் கிளறி, நிக்சனும் அவருடைய ஆலோசகர் சார்லஸ் கோல்சனும் பேசிய உரையாடலின் எழுத்துப்படியைக் கண்டெடுத்தார். அதை வைத்து ஃப்ராஸ்ட் கேட்டபோது நிக்சன் தடுமாறினார். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் எதிரே இருந்தவர் நாட்டின் அதிபராக இருந்தவர், பேச்சு அவர் அதிகாரத்தில் இருந்தபோது செய்தது பற்றி. ஏதோ ஒரு விஷயத்தில் தன் கருத்தைச் சொல்ல வந்த ஒரு ஆசிரியரிடம் பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு வரியை நீட்டி மடக்குவது அந்த ரகம் இல்லை. மனிதன் பத்து வருஷத்தில் மாறக்கூடாதா? மாறியிருந்தால், ஏன் மாறினார் என்பதுதானே நல்ல கேள்வி.

போன மாதம் அப்படி ஒரு கேள்வியை முதல் பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். தொகுப்பாளர் அப்படியே கேட்டார். விருந்தினர் பேசவில்லை. ஹெட்போனில் நாற்காலி கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. பதினொரு வினாடி. அப்புறம் "என் அப்பா இருக்கும்வரை இதைச் சொல்லியிருக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தார்.

எடிட்டர் அந்த மௌனத்தை இரண்டு வினாடியாக்கியிருந்தார், கேட்பவர்கள் ஆப் நின்றுவிட்டது என்று நினைப்பார்களாம். ஒரு மதியம் முழுக்க வாதாடி ஏழு வினாடிவரை மீட்டேன்.