கையில்கூட எடுத்துப் பார்க்காமல் விலை சொல்கிறார்கள்

தாத்தாவின் ரைஃபிள் என் பங்குக்கு வந்த நாளிலிருந்து சுற்றி இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எவ்வளவு போகும்?" கேட்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை, பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். சித்தப்பா ஒரு விலை சொல்கிறார். அத்தை மகன் அதைப் போலப் பத்து மடங்கு சொல்கிறான். மாமாவோ, "அந்தப் பழைய இரும்பை எவன் வாங்குவான்?" என்கிறார். இவர்களில் ஒருவர்கூட அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு இருக்கிறதே, போல்ட், அதைப் பின்னால் இழுக்கவில்லை. குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. இரும்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பொருளைப் பார்க்காமலே அதற்கு விலை போடும் தைரியம் இவர்களுக்கு எங்கிருந்து வருகிறது?

அத்தை மகன் சொல்லும் விலைக்கு ஆதாரம் அவன் போன். "இதோ பார், இதே துப்பாக்கிதான், இவ்வளவு போட்டிருக்கிறான்." போட்டிருக்கிறான், சரி. விற்றானா? விற்பவன் கேட்பது அவன் ஆசை; வாங்கியவன் கொடுத்த பணம்தான் விலை. நியாயமான விலைக்கு வந்த துப்பாக்கி சீக்கிரமே விற்றுப்போய் கண்ணில் படாமல் மறைந்துவிடும். அநியாய விலைக்குப் போட்டதுதான் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆக, தேடுகிறவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் விலை போகாத துப்பாக்கிகளின் விலை. அதை வைத்துக்கொண்டு வீட்டில் பாகப்பிரிவினைக் கணக்குப் போடுகிறார்கள்! விற்று முடிந்த ஏலங்களின் விலையைத் தேடு என்று சொன்னால் யாருக்கும் பொறுமை இல்லை. அந்த விலையிலும் கவனம் வேண்டும். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் மேலே ஒரு சதவீதம் வாங்கும், விற்பவரிடம் கமிஷன் பிடிக்கும். வெளியே தெரியும் தொகைக்கும் விற்றவர் கைக்கு வருவதற்கும் நடுவில் நிறைய கரைந்துவிடும்.

அடுத்தது அந்த "பழசு" பேச்சு. பழசு என்றாலே விலை அள்ளும் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? என் கையில் இருப்பது .303 லீ என்ஃபீல்டு, பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ரைஃபிள். உலகம் முழுக்க இந்த வரிசையில் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் ரைஃபிள்கள் செய்திருக்கிறார்கள். ரஷ்யாவின் மோசின் நாகான்ட் 3 கோடியைத் தாண்டும். அமெரிக்காவின் வின்செஸ்டர் 94 மட்டும் 70 லட்சத்துக்கு மேல். நூறு வயது ஆகிவிட்டது என்பதற்காக அரிதாகிவிடாது. இன்னொரு பக்கம், நினைவுப் பதிப்பு என்று தங்க நிறத்தில் மின்ன மின்ன வந்ததை வாங்கிப் பெட்டியோடு பூட்டி வைத்தவர்கள் இருக்கிறார்கள். 1966இல் வின்செஸ்டர் வெளியிட்ட நூற்றாண்டு நினைவுப் பதிப்பு ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. எல்லோரும் பத்திரமாகப் பூட்டி வைத்த பொருளுக்கு எங்கிருந்து தட்டுப்பாடு வரும்? அதே நிறுவனத்தின் மாடல் 70, எந்தப் பகட்டும் இல்லாத சாதாரண வேட்டை ரைஃபிள், 1936இல் வந்தது. 1964இல் செலவைக் குறைப்பதற்காக அதன் வடிவமைப்பை மாற்றினார்கள். அதற்கு முந்தையதைத்தான் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். வயது, மினுமினுப்பு, பெயர் இதில் எதை மட்டும் வைத்தும் விலை சொல்ல முடியாது. எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

எடுத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன். லீ என்ஃபீல்டின் பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தில், வலது பக்கம், ஒரு பட்டை வளையம் போல இருக்கும். என்னுடையதில் அங்கே ஒரு மகுடம், அதற்குக் கீழே மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர். என்ற எழுத்துகள், 1917 என்ற ஆண்டு, கடைசியில் மார்க் 3 ஸ்டார் என்ற ரகப் பெயர். அந்த நாலு வரியில் அதன் பாதி ஜாதகம் இருக்கிறது. அப்புறம் வரிசை எண். குழல் திருகி நிற்கும் முன்வளையத்தில் ஒரு எண் இருக்கும். போல்ட்டின் கைப்பிடி தொடங்கும் இடத்தில் பின்பக்கமாக அதே எண் இருக்க வேண்டும். முனையில் இருக்கும் இரும்புத் தொப்பியிலும், குறிபார்க்க உதவும் பின் குறிகாட்டியின் தகட்டிலும் இருக்க வேண்டும். நான்கும் ஒத்துப்போனால் ஒரு விலை, போல்ட் மட்டும் மாறியிருந்தால் வேறு விலை. இது சேகரிப்பவர்களின் பித்து என்று நினைத்துவிடாதீர்கள். போல்ட்டை அந்தந்த ரைஃபிளுக்கு என்று பொருத்தித்தான் எண் அடித்தார்கள். வேறு போல்ட் செருகியிருந்தால் தோட்டா உட்காரும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துச் சோதிக்காமல் சுடவே கூடாது. ஜப்பானிய ராணுவத்தின் அரிசாகா ரைஃபிளில் இன்னொரு கதை. குழல் திருகி நிற்கும் வளையத்தின் மேல்பக்கம் பேரரசரின் சாமந்திப்பூ முத்திரை இருக்கும். போரில் தோற்றுச் சரணடைந்தபோது பெரும்பாலானவற்றில் அதை அரம் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். முத்திரை முழுசாக இருப்பதற்குத் தனி மதிப்பு. கட்டைவிரல் அகலத்தில் ஒரு பூ! அதைக் குனிந்து பார்க்காதவர் எப்படி விலை சொல்வார்?

உறவுக்காரர்களுக்குத் தெரியவில்லை, விட்டுவிடலாம். இதையே தொழிலாக வைத்திருப்பவர் செய்ததை என்னால் விட முடியவில்லை. உரிமம் பெற்ற ஒரு வியாபாரி. மேஜை மேல் வைத்தேன். கட்டையை ஒரு தடவு தடவினார், குழலை ஒரு பார்வை பார்த்தார், அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார். போல்ட்டை வெளியே எடுக்கவே இல்லை. எண்கள் எல்லாம் ஒத்துப்போகிறதே, பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்" என்றார். அவர் பார்ப்பார். நான் வெளியே போன மறு நிமிடம் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பார், அதைச் சொல்லித்தான் அடுத்தவருக்கு விற்பார். வியாபாரிக்கு லாபம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே கிடையாது. கடை வாடகை, காகித வேலை, மாதக்கணக்கில் முடங்கும் பணம் எல்லாம் இருக்கிறது. விற்கும் விலையையே எனக்குக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் தெரிந்த விஷயத்தைத் தெரியாததுபோல மறைத்து ஒரு விலை சொன்னால் அதற்குப் பெயர் வியாபாரம் இல்லை.

அதற்கு மேல் ஒரு மிரட்டல் வேறு. "உரிமம் உங்கள் பெயரில் இல்லையே, வைத்திருந்தால் சிக்கல், இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்." உரிமம் விஷயம் உண்மைதான். இறந்தவரின் உரிமம் வாரிசுக்குத் தானாக வந்துவிடாது, சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும், அதில் விளையாடக் கூடாது. ஆனால் பல நாடுகளில் காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள கடையிலோ முறைப்படி ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு, நிதானமாக முடிவெடுக்க வழி இருக்கிறது. அதைச் சொல்லாமல் பயத்தை மட்டும் சொல்கிறார்கள். துக்க வீட்டிலிருந்து வந்தவர், சட்டம் தெரியாதவர், வீட்டில் துப்பாக்கி இருப்பதே பதற்றமாக இருப்பவர், இவர்கள் வாயடைத்துப்போய் நீட்டிய தொகையை வாங்கிக்கொண்டு போகிறார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைக்கும் ஒன்று இருக்கிறது. "நன்றாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வார்னிஷ் அடித்து வைத்தால் நல்ல விலைக்குப் போகும்." சித்தப்பாவின் யோசனை இது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் மரபாக வந்த துப்பாக்கிகளின் மதிப்பை அழித்ததில் இந்த நல்ல எண்ணத்துக்குத்தான் முதல் இடம். உப்புத்தாளை எடுத்து அந்தக் கட்டையில் ஒரு தேய்ப்பு தேய்த்தால் என்ன போகும் தெரியுமா? ஆய்வாளர் மரத்தில் அடித்த சின்ன முத்திரைகள் போகும். நூறு வருடம் ஆளிவிதை எண்ணெய் ஊறிய அந்தக் கருஞ்சிவப்பு நிறம் போகும். மரமும் இரும்பும் சேரும் இடத்தில் மரம் ஒரு முடியளவு மேலே நிற்கும். தேய்த்தால் இரும்புக்குக் கீழே இறங்கிவிடும். விவரம் தெரிந்தவர் விரலை வைத்துத் தடவினால் போதும், கண்டுபிடித்துவிடுவார்.

இரும்பில் செய்தால் இன்னும் மோசம். அந்தக் கருநீல மெருகு மங்கியிருக்கலாம், ஓரங்களில் தேய்ந்து வெள்ளை தெரியலாம். தெரியட்டும்! அது மனிதக் கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. சக்கரத்தில் வைத்துப் பளபளப்பாக்கினால் கூர்மையான விளிம்புகள் மழுங்கும், எழுத்துகளின் ஆழம் குறையும், திருகாணி ஓட்டைகளைச் சுற்றிக் கிண்ணம் போலக் குழி விழும். அதற்கு மேல் எவ்வளவு நல்ல மெருகு ஏற்றினாலும் அந்தக் குழியை நிரப்ப முடியாது. திருகாணிகளையும் விடுவதில்லை, பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் தலையைக் கடித்து வைக்கிறார்கள். சிவப்புத் துரு இருந்தால் கொஞ்சம் எண்ணெய், மெல்லிய துணி, அவ்வளவுதான். மற்றதைத் தொடாதீர்கள். ஒருமுறை தேய்த்ததைத் திரும்பக் கொண்டுவர உலகத்தில் யாராலும் முடியாது.

வெளியே பளபளப்பு, உள்ளே? அதைக் கேட்க ஆளில்லை. பழைய ராணுவத் தோட்டாக்களில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் மூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது ஒருவகை உப்பாகக் குழலுக்குள் தங்கிவிடும், ஈரத்தை இழுக்கும், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் உள்ளே அரித்துவிடும். வெளியே மூக்கும் முழியுமாக இருக்கும் ரைஃபிளின் குழல் உள்ளே குழி குழியாக இருக்கலாம். முனையையும் பார்க்க வேண்டும். சுத்தம் செய்யும் கயிற்றை ஒரு பக்கமாகவே இழுத்து இழுத்து வட்டமான வாய் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும், அப்படித் தேய்ந்தது நேராகச் சுடாது. இவ்வளவுக்கும் தேவை ஒரு சின்ன விளக்கு, இரண்டு நிமிடம். போனில் இரண்டு மணி நேரம் விலை தேடுபவருக்கு இந்த இரண்டு நிமிடம் இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இந்த ராணுவ ரைஃபிள்கள் மலிந்து கிடந்தன. வாங்கியவர்கள் முன்கட்டையை அறுத்து, குறிகாட்டியைக் கழற்றி, தொலைநோக்கி மாட்ட ஓட்டை போட்டு வேட்டைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். சேகரிப்பவர்களின் சந்தையில் அதற்கு மதிப்பு விழும், அது உண்மை. அதற்காக "கெடுத்து வைத்திருக்கிறார் உங்கள் தாத்தா" என்று அப்படி மாற்றியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் என் காது படப் பேசுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. என் தாத்தா மாற்றவில்லை. மாற்றியிருந்தாலும், அன்றைக்கு அது அவர்களுக்குப் பயன்பட்ட கருவி.

இன்னொன்று, "மதிப்பு" என்று ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் சண்டை போடுகிறார்கள். எதற்கான மதிப்பு? காப்பீட்டுக்கு என்றால், தொலைந்தால் அதே மாதிரி ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் தொகை. சொத்துக் கணக்குக்கு என்றால், இறந்த நாளன்று வெளிச் சந்தையில் அது எவ்வளவுக்குப் போயிருக்கும் என்பது. கடைக்காரர் கொடுப்பது இந்த இரண்டையும்விடக் கீழே இருக்கும். ஒருவர் காப்பீட்டு விலையைப் பிடித்துக்கொள்கிறார், இன்னொருவர் கடைக்காரர் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறார், ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள். வாங்க ஆசைப்படாத ஒருவரிடம், கூலி கொடுத்து, எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். விலையில் சதவீதம் கேட்பவர் வேண்டாம். வாங்கிக்கொள்கிறேன் என்பவர் வாயால் விலை கேட்கவே கேட்காதீர்கள்.

கடைசியாகக் காகிதங்கள். தாத்தா இந்தப் போரில் வைத்திருந்தார், அந்தத் தளபதி பரிசாகக் கொடுத்தார் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை ஓடும். எழுத்தில் இல்லாத கதைக்கு வாங்குபவர் ஒரு காசு கூடக் கொடுக்க மாட்டார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் அந்தக் கதையை நிரூபிக்கக்கூடிய காகிதத்தைத்தான் வீடு ஒழிக்கிறோம் என்று முதல் நாளே குப்பையில் போடுகிறார்கள்! பழைய உரிமப் புத்தகம், வாங்கிய ரசீது, வரிசை எண் குறித்த கடிதம், ரைஃபிளோடு வந்த தோல் வார், எண்ணெய்ப் புட்டி, பின்னால் கையால் எழுதிய ஒரு புகைப்படம், இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு துப்பாக்கியை மற்ற லட்சக்கணக்கானவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. எங்கள் வீட்டில் பரண் மேல் இன்னும் இரண்டு தகரப்பெட்டிகள் திறக்காமல் இருக்கின்றன. அவற்றை எடைக்குப் போடலாம் என்று நேற்று யாரோ பேசியிருக்கிறார்கள். நான் வந்து ஒவ்வொரு தாளாகப் பார்க்கும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், கோபமாகவே சொன்னேன்.