ஒரே வீட்டில் 20 வருடம், பத்திர ஆபீசில் அந்நியர்

"தன்பாலினக் கல்யாண கேஸ்தான் 2023-லயே முடிஞ்சு போச்சே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள், முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சென்னையில் 50 லட்சம் மதிப்புள்ள ஒரு ஃபிளாட். மனைவி பெயருக்குக் கணவன் எழுதிவைத்தால் அது குடும்ப செட்டில்மெண்ட். முத்திரைத் தீர்வை 1%, அதுவும் 40,000-க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 1%, 10,000-க்கு மேல் போகாது. ஆக 50,000 ரூபாயில் வேலை முடிந்தது. அதே ஃபிளாட்டை ஒரு பெண், 20 வருடமாகத் தன்னோடு வாழும் இன்னொரு பெண்ணுக்கு எழுதினால் 7%-ம் 2%-ம் சேர்ந்து நாலரை லட்சம். அதோடும் விடாது. 'உறவினர்' அல்லாதவரிடமிருந்து 50,000-க்கு மேல் வாங்கும் அன்பளிப்பு வருமானக் கணக்கில் சேரும் என்பதால், வாங்கியவர் அந்த 50 லட்சத்துக்கும் வருமான வரி கட்ட வேண்டும். இந்த வரி விதியை எதிர்த்து ஒரு தன்பாலின ஜோடி 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பைப் பற்றி நம் ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "மூணுக்கு ரெண்டுல தோத்தாங்க" என்பது பாதி உண்மை. திருமணம் அடிப்படை உரிமை அல்ல, 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் நீதிமன்றமே சொற்களை மாற்றி வாசிக்க முடியாது என்பதில் 5 நீதிபதிகளும் ஒன்றுதான். மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்தது வேறு கேள்வியில்: திருமணம் இல்லாவிட்டாலும், இணைந்து வாழும் உறவுக்கு அரசு சட்ட அங்கீகாரம் தர வேண்டுமா? சந்திரசூட்டும் கௌலும் வேண்டும் என்றார்கள். பட், கோலி, நரசிம்மா மறுத்தார்கள். திருநங்கையோ திருநம்பியோ ஆண்-பெண் உறவாக மணந்துகொள்ள இப்போதுள்ள சட்டங்களே போதும் என்பதிலும் ஐவரும் ஒன்று. அந்தக் கதவை நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-லேயே திறந்துவிட்டது: இந்து திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று. சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9-ல் தள்ளுபடி.

ஆக, பந்து இப்போது அரசின் பக்கம். தன்பாலின இணையருக்கு என்ன உரிமைகள் தரலாம் என்று பார்க்க மத்திய அரசு 2024-ல் கேபினட் செயலர் தலைமையில் குழு போட்டது. ஆகஸ்டில் சுற்றறிக்கைகள் வந்தன. ஜாயிண்ட் அக்கவுண்ட் தொடங்கலாம், நாமினி போடலாம் என்றார்கள். இதற்கு முன்பு மட்டும் எந்தச் சட்டம் தடுத்தது? பேங்கில் யாரும் யாரோடும் கணக்கு தொடங்கலாம், யாரையும் நாமினி போடலாம். கையில் இருந்ததையே எடுத்துச் சலுகை என்று கொடுத்தார்கள். ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்பது மட்டும் கொஞ்சம் புதுசு.

நாமினிதான் பெரிய ஏமாற்று. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருக்கும் கைதான், சொந்தக்காரர் இல்லை. உயில் இல்லாமல் போன கல்யாணமாகாத இந்து ஆணின் சொத்து முழுக்க அம்மாவுக்கு, அம்மா இல்லையென்றால் அப்பாவுக்கு, அடுத்து உடன்பிறந்தவர்களுக்கு. பெண்ணின் சுயசம்பாத்தியம் என்றால் அப்பா அம்மா இருவருக்கும். அவர்கள் கேஸ் போட்டால் நாமினி எண்ணித் தர வேண்டியதுதான். பி.எஃப்-ல் இன்னும் மோசம்: சட்டம் சொல்லும் 'குடும்பம்' உங்களுக்கு இருந்தால், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் அதில் சேர்த்தி, வெளியாளுக்குப் போட்ட நாமினேஷன் செல்லாது.

அதனால் உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளரிடம் பதிந்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவரும் உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். உயில் தோற்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, சாட்சி: கோர்ட்டில் வந்து சொல்ல ஒருவராவது உயிரோடு இல்லையென்றால் உயிலை நிரூபிப்பது சிரமம், ஆகவே உங்களைவிட வயதில் சின்னவர்களாகப் பாருங்கள். இரண்டு, சொத்து பெறப்போகிற இணையரே வக்கீல் பார்த்து, டைப் அடித்து, ஆபீசுக்கும் கூடவே வந்து நிற்பது. "மிரட்டி எழுதி வாங்கினார்" என்ற வாதம் அங்கேதான் பிறக்கும். அவர் அன்று வீட்டிலேயே இருக்கட்டும். பெற்றோருக்கு ஏன் எழுதவில்லை என்று உயிலிலேயே இரண்டு வரி, டாக்டர் சான்றிதழ் ஒன்று.

'பவர் எழுதிட்டோம், போதும்' என்பவர்களுக்கு: பவர், அதாவது உங்களுக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம், உங்களோடு சாகும். நீங்கள் கோமாவில் விழுந்து சித்தம் இல்லாமல் போனாலும் சாகும். எப்போது தேவையோ சரியாக அப்போது செல்லாது. ஐ.சி.யூ வாசலில் கையெழுத்துப் போட அதை நீட்டிப் பயனில்லை. இந்த நாட்டில் 'நீயே உன் ஆளைத் தேர்ந்தெடு' என்று சொல்லும் சட்டங்களில் ஒன்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். பிரிவு 14-ன்படி வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால், மேஜரான யாரையும் உங்கள் பிரதிநிதியாக நியமிக்கலாம், ரத்த உறவு தேவையில்லை. மனநல சிகிச்சைக்கு முடிகிறது, மாரடைப்புக்கு முடியவில்லை.

"இதெல்லாம் டெல்லி செய்ய வேண்டியது, மாநிலத்தால் என்ன முடியும்?" என்பார்கள். திருமணமும் வாரிசுரிமையும் பொதுப்பட்டியல், மாநிலமும் சட்டம் போடலாம். சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஐயர் இல்லாமல் மாலை மாற்றியவர்கள் சட்டத்தின் கண்ணில் தம்பதி இல்லை. அண்ணா ஆட்சி 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது, அதற்கு முன்னால் நடந்தவற்றையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. தீர்ப்பு அங்கே முடிவாகிவிடவில்லை. ஆனால் அந்த 7ஏ-விலும் 'அவன் மனைவி', 'அவள் கணவன்' என்றுதான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணையர்கள் தங்கள் குடும்ப உறவை ஒரு பத்திரமாகப் பதிவு செய்யும் முறையை மாநில அரசு பரிசீலிக்கலாம் என்றார். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஓர் ஆட்கொணர்வு மனுவில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று எழுதியது. இரண்டும் காகிதத்தில் இருக்கின்றன. சட்டமன்றம் கூடும்வரைகூடக் காத்திருக்க வேண்டாத வேலை ஒன்றும் உண்டு: செட்டில்மெண்ட் பத்திரத் தீர்வை மாநிலத்தின் கையில் இருப்பது. பதிந்த இணையருக்கும் அந்த 40,000 உச்சவரம்பு பொருந்தும் என்று சலுகை அறிவிக்க டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.