இது சின்ன விஷயம் இல்லை

கோயில் கொடைவிழாவில் வேற்று மதத்துக்காரர் கடை போடக் கூடாது என்று விழாக் கமிட்டி ஒட்டிய அந்த நோட்டீஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஒரு நோட்டீஸ்தானே, விடுங்க" என்று நேற்றிலிருந்து ஆளாளுக்குச் சொல்கிறார்கள். விட முடியவில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

1948 ஜனவரி 20ஆம் தேதி டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. ஆளையும் பிடித்தார்கள். அப்புறமும் பத்தே நாளில் கோட்சே அதே இடத்துக்கு வந்து சுட்டான். பிப்ரவரி 4இல் ஆர்.எஸ்.எஸ். தடை செய்யப்பட்டது, அடுத்த வருஷம் தடை நீங்கியது, நாடும் மறந்துவிட்டது. நாமுமா மறப்பது? காந்தியின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்கு முன் வைத்த இடத்தில்தானே நம் குமரிமுனை மண்டபம் நிற்கிறது.

1982 மார்ச் 1, மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடை, இந்து-கிறிஸ்தவர் கலவரம், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வெறும் பேச்சுதான், சின்ன விஷயம்தான். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா, முற்றத்தில் கடவத்தை இறக்கிச் சாளையை எண்ணிப் போட்டுக்கொண்டே அம்மாவிடம் ஊர்க்கதையெல்லாம் பேசுவார். கலவரத்துக்குப் பிறகு ரொம்ப நாள் வரவில்லை. வந்தபோது ரோட்டிலேயே நின்றார். "உள்ள வா மைனி" என்று அம்மா கூப்பிட்டும், ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தார்.

"அந்தப் பக்கத்துத் தீவிரவாதத்தைக் கேட்க மாட்டியா" என்பவர்களுக்கு: 2020இல் களியக்காவிளை சோதனைச்சாவடியில் போலீஸ் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டரைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றபோதும் இதே பக்கத்தில்தான் எழுதினேன், போய்ப் பாருங்கள். சட்டத்தில் இடமிருக்கிறது என்பவர்களுக்கு வக்கீல்கள் பதில் சொல்லட்டும். இந்து விரோதி என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். மாசிக் கொடைக்கு இருமுடி கட்டிப் போகிறவள் நான். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை.

திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த 1936 நவம்பர் 12 வரைக்கும் என் தாத்தாவுக்கே கோயிலுக்குள் இடமில்லை. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. வெளியே நில் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்றைக்கு வளையல் கடைக்காரரைப் பார்த்து அதையே சொல்கிறோமே, எப்படி மனசு வருகிறது?

கமிட்டியில் பாதிப் பேர் எனக்குச் சித்தப்பா, மாமா முறை. நாளைக் காலையில் போய் நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் இன்றைக்கே போன் பண்ணுங்கள்.