காலியாகிப் போன பதினோரு பக்கங்கள்

ஐஜெம் என்பது செல்களின் மரபணுக்களை மாற்றி அமைத்துப் புதிய வேலை செய்யவைக்கிற மாணவர் குழுக்களின் உலகப் போட்டி. அதில் கலந்துகொள்கிற குழுக்கள் தங்கள் சோதனை அனுபவங்களைச் சேர்ந்து எழுதி வைக்கிற நம் கூட்டு விக்கியில் முந்தாநாள் இரவு நடந்ததை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். ஒரு குழு தன்னுடைய பதினோரு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்ததை மொத்தமாக அழித்திருக்கிறது. மாற்றத்துக்கான காரணத்தைக் குறிக்கிற தொகுப்புச் சுருக்கத்தில் "எதிரணிகளுக்கு உதவ விருப்பமில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். பதினோரு தடவையும் அதே வரி.

எந்தக் குழு என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். படிக்கிற பிள்ளைகள். அடுத்த வருடம் இதே விஷயத்தை வேறு மாதிரி யோசிக்கலாம். ஆனால் அந்தச் சொல் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. எதிரணி.

ஐஜெம் போட்டியில் யார் யாருக்கு எதிரணி? பதக்கத்துக்கான தகுதிகளை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். தங்கத்துக்கான தகுதிகளை நிறைவு செய்த ஒவ்வொரு குழுவுக்கும் தங்கம் உண்டு. பக்கத்துக் குழு வாங்கியதால் நமக்குக் குறைந்து போவதில்லை. அது மட்டுமா, இன்னொரு குழுவுக்கு உதவியிருக்க வேண்டும் என்பதே பல வருடங்கள் தங்கப் பதக்கத்துக்கான தகுதிகளில் ஒன்றாக இருந்தது. போட்டியை நடத்துகிறவர்களே உதவு என்று எழுதி வைத்திருந்த இடத்தில் நாம் எதிரணி என்று எழுதுகிறோம்.

பெரும் பரிசு ஒவ்வொரு பிரிவிலும் ஒரு குழுவுக்குத்தானே போகிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் நம் விக்கியில் எழுதுகிற குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் வருடம். மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகிற வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட் முதல் தடவை கைக்கு வருவதற்குள் பாதிப் பருவம் முடிந்துவிடுகிறது. அவர்களிடமிருந்து எதைக் காப்பாற்றுகிறோம்?

இந்தப் போட்டி வளர்ந்ததே கொடுத்து வாங்கித்தான். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னப் பயிற்சி வகுப்பாகத் தொடங்கியது. 2004-இல் 5 குழுக்கள், 2005-இல் 13. இப்போது நூற்றுக்கணக்கான குழுக்கள் பாரிசில் கூடுகின்றன. ஒரு குழு செய்த டிஎன்ஏ துண்டைப் பொதுப் பதிவேட்டில் எண் போட்டு வைப்பார்கள், அடுத்த வருடம் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற குழுவும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். ஜே23100 வரிசை ப்ரமோட்டர்கள் நம்மில் எத்தனை பேருடைய திட்டத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மரபணு எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிற அந்தத் துண்டுகள் 2006 பெர்க்லி குழு பதிவேட்டுக்குக் கொடுத்தவை. பக்கங்களை அழித்த குழுவின் திட்ட வரைபடத்திலும் முதல் அம்புக்குறி ஜே23100தான். யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்ததை எடுத்துக்கொள்ளும்போது நமக்கு எதிரணி ஞாபகம் வருவதில்லை. நாம் கொடுக்க வேண்டிய இடத்தில்தான் வருகிறது.

என் கதையைச் சொல்கிறேன். பழைய ஆட்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மாணவனாக இருந்த வருடம் ஒரு மரபணுவைப் பிளாஸ்மிட்டில் ஏற்ற மூன்று வாரம் போராடினோம். டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிற ஈகோஆர்1, பிஎஸ்டி1 இரண்டு நொதிகளாலும் வெட்டினால், துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில் இரண்டு பட்டைகள் தெரிய வேண்டும். மேலே 2000 டிஎன்ஏ எழுத்து நீளத்தில் பிளாஸ்மிட், கீழே 900 எழுத்து நீளத்தில் மரபணு. எங்களுக்கு மூன்று பட்டைகள் வந்தன. 900 இருக்க வேண்டிய இடம் காலி. அதற்குக் கீழே மங்கலாக இரண்டு. நொதியை மாற்றினோம். நொதியோடு சேர்க்கிற பஃபர் கரைசலை மாற்றினோம். ஜெல் ஊற்றிய பையனையே மாற்றினோம், பாவம், அவன்மேல்தான் பழி விழுந்தது.

கடைசியில் நான்கு வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு குழுவின் ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது. கையில் வருகிற மாதிரியில் மரபணுவின் நடுவே இன்னொரு பிஎஸ்டி1 வெட்டிடம் இருக்கிறது, தாளில் இருக்கிற வரிசையை நம்பாதீர்கள் என்று. அவ்வளவுதான். கீழே பெயரில்லை, படம் இல்லை. அந்தக் குழு எந்தப் பரிசும் வாங்கியதாக நினைவில்லை. அந்த ஒரு வரியால் எங்களுடைய மிச்சப் பருவம் பிழைத்தது. நன்றி சொல்லலாம் என்று தேடினேன், எழுதியவர் யாரென்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கூட்டு விக்கியை ஆரம்பித்தது அதனால்தான்.

இப்போது வழக்கமான கேள்விகளுக்கு வருகிறேன்.

"யோசனையைத் திருடிவிடுவார்கள்." விக்கியில் ஒவ்வொரு தொகுப்புக்கும் தேதியும் நேரமும் பயனர் பெயரும் வரலாற்றில் நிற்கும். உங்கள் யோசனை உங்களுடையது என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி வேறெங்கே கிடைக்கும்? பூட்டி வைத்த குறிப்பேட்டுக்குத்தான் சாட்சி கிடையாது.

"தோல்வியை எழுதினால் நடுவர்கள் மதிப்பைக் குறைப்பார்கள்." இல்லை. வடிவமைத்து, செய்து, சோதித்து, கற்றுக்கொண்டு திரும்ப வடிவமைத்ததைக் காட்டு என்றுதான் கேட்கிறார்கள். தவறே நடக்காத சுழற்சியில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

"நேரமில்லை." இதை மட்டும் என்னால் தட்டிவிட முடியாது. போட்டிக்காக ஒவ்வொரு குழுவும் எழுதுகிற சொந்த விக்கி உறையும் நாளுக்கு முந்தைய வாரம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஒருவன் படம் வரைந்துகொண்டிருப்பான், ஒருத்தி தூங்காமல் கணினி நிரலைத் திருத்திக்கொண்டிருப்பாள், அதற்கு நடுவே கடைசி சோதனையும் ஓடும். அந்த வாரத்தில் போய் கூட்டு விக்கிக்கு எழுது என்று எவரிடமும் நான் கேட்டதில்லை. ஆனால் உங்கள் குழுவின் விக்கி அன்றோடு உறைந்துவிடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதன்பின் அதில் ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. இரண்டு மாதம் கழித்து நீங்கள் சோதனைக்குப் பயன்படுத்திய கருவியில்தான் கோளாறு என்று தெரிய வந்தால் எங்கே எழுதுவீர்கள்? குழு கலைந்திருக்கும். பாதிப் பேர் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள். கூட்டு விக்கி உறைவதில்லை. உருவாக்கியதே அதற்காகத்தான். பருவம் முடிந்து, நன்றாகத் தூங்கி எழுந்து, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பத்து வரி எழுதினால் போதும்.

அப்புறம் நான்காவது. உரையாடல் பக்கத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கத்தை நாங்கள் அழித்தால் உங்களுக்கு என்ன? நீங்கள் இதற்கு முதலாளியா?"

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். முதலாளி. ஆறு வருடமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல் விளம்பரக் குப்பைகளை நீக்கிக்கொண்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர் முதல் தொகுப்பில் பக்கத்தையே உடைத்துவிட்டால், அதைச் சரிசெய்து, அவர் பயந்து ஓடிவிடாமல் வரவேற்பு எழுதி, எழுதிப் பழகுவதற்கான மணல்தொட்டிப் பக்கத்தில் எப்படிப் பழகலாம் என்று சொல்லிக்கொடுக்கிறேன். கவனிப்புப் பட்டியலில் எந்த மாற்றம் வந்தாலும் பார்க்கிறேன். சம்பளம் கிடையாது, கேட்டதும் இல்லை. நன்றியையும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய். எப்போதாவது ஒருவர் இந்தப் பக்கம் உதவியது என்று எழுதினால் ஒரு வாரத்துக்கு அதை நினைத்துக்கொண்டிருப்பேன். முதலாளி என்ற வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை, வருத்தம்தான் இருக்கிறது.

என் வருத்தம் இருக்கட்டும். அந்தப் பதினோரு பக்கங்களை எழுதியது யார் என்று வரலாற்றில் பார்த்தீர்களா? ஐந்து பக்கங்கள் போன வருடம் முடித்துவிட்டுப் போன மூத்தவர்கள் எழுதியவை. அதில் ஒரு பெண் கிட்டத்தட்ட நாற்பது தொகுப்புகள் செய்திருக்கிறாள். தேர்வு நேரத்திலும் வந்து எழுதியவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் எழுதியதை அழிக்கிற உரிமை அவளுக்குப் பின் வந்தவர்களுக்கு எப்படி வந்தது? எனக்கு முதலில் வந்த கோபம் குழுவின்மேல். இப்போது நினைத்துப் பார்த்தால், பிள்ளைகள் தாமாகப் பேசுகிற சொல் இல்லை அது. எதிரணி, ரகசியம், முந்திக்கொள் என்று பெரியவர்கள் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இருபது வயதில் ஒருத்தி பெயர் போடாமல் எழுதி வைத்துவிட்டுப் போனதை இன்னொருவர் கையால் அழிக்க வைத்திருக்கிறார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திறந்த உரிமத்தில் போட்டதுதானே, ஒரு சொடுக்கில் எல்லாவற்றையும் மீட்டுவிடுங்கள் என்று பலர் சொல்கிறீர்கள். முடியும். ஆனால் பத்துப் பக்கங்களை நான் தொடவில்லை. குழுவோடு பேசாமல் மீட்டால் அவர்கள் திரும்ப அழிப்பார்கள், நான் திரும்ப மீட்பேன், அப்புறம் நடப்பது தொகுப்புப் போர். அதில் ஜெயித்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மூத்தவர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஒரு பக்கத்தை மட்டும் மீட்டுவிட்டேன். மறைக்கவில்லை, சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன். பிளாஸ்மிட்டை ஏற்றிய பிறகு தட்டில் பாக்டீரியாக் காலனியே (கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாக வளர்கிற கூட்டம்) வராத மூன்று வாரங்களைப் பற்றிய பக்கம் அது. பிளாஸ்மிட் உள்ளே போவதற்காகச் செல்களை 42 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைக்கிறார்கள், தொட்டியின் திரையும் 42 என்றுதான் காட்டுகிறது. யாரோ ஒரு நாள் தனி வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தால் 38. அதை எழுதி, எந்தெந்த மூலையில் எவ்வளவு சூடு என்று அட்டவணையும் போட்டிருந்தார்கள். பள்ளி மாணவர் குழு ஒன்று இந்த வாரம்தான் முதல் தடவையாக அந்தச் சோதனையைச் செய்கிறது. அவர்களுடைய செய்முறைப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு இணைப்பு இருக்கிறது. நேற்று காலை அதைச் சொடுக்கியவர்களுக்குக் கிடைத்தது வெற்றுப் பக்கம். "இங்கே ஏதாவது இருந்ததா?" என்று உரையாடல் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்.

எழுத்து திரும்ப வந்துவிட்டது. படங்கள் வரவில்லை. அவை அந்தக் குழுவின் டிரைவில் இருந்தன, இணைப்பை மூடிவிட்டார்கள். தொட்டிக்குள் வெப்பமானியை எந்த ஆழத்தில் பிடிக்க வேண்டும் என்று காட்டுகிற படம் எவரிடமாவது சேமிப்பில் இருந்தால் இன்று இரவுக்குள் அனுப்புங்கள். நாளைக் காலை அவர்களுக்குச் சோதனை.