பழனி ரோட்டில் நடக்கிறவனுக்கு எத்தனை மார்க்?

காரைக்குடியிலிருந்து திண்டுக்கல் போகும் ரோட்டுக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை 383 என்று பெயர். எங்கள் பக்கம் அந்த நம்பரைச் சொல்லி வழி கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. திருப்பத்தூர் ரோடு என்பார்கள், சிங்கம்புணரி ரோடு என்பார்கள், வயசானவர்களைக் கேட்டால் பழனி ரோடு. 2010-ல் நாடு முழுக்க நெடுஞ்சாலை நம்பர்களை மாற்றினார்களே, அந்தக் கணக்குப்படி கடைசி இரண்டு இலக்கம் 83 என்றால் 83-ம் நம்பர் ரோட்டின் கிளை என்று அர்த்தம். அந்த 83 கோயம்புத்தூரில் கிளம்பி பொள்ளாச்சி, பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று வந்து, திருச்சி தஞ்சாவூரைத் தாண்டி நாகப்பட்டினம் வரை போகிறது. ஆக, காகிதத்தில் எங்கள் ரோடு திண்டுக்கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளை. செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கணக்கே வேறு. ரோடு குன்றக்குடியில் ஆரம்பித்துப் பழனியில் முடிகிறது, திண்டுக்கல் நடுவில் வருகிற ஒரு ஊர், அவ்வளவுதான்.

ஏன் அப்படி என்பது தை மாதம் இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். நகரத்தார் காவடி நானூறு வருஷமாக இந்த வழியில்தான் போகிறது. குமரப்பன் என்ற செட்டியார் பழனிக்கு உப்பு விற்கப் போனதில் ஆரம்பித்தது என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, கடலோரத்து உப்பு மலையடிவாரத்து ஊர்களுக்குப் போக ஒரு தடம் வேண்டும், பொதிமாடு போன தடத்தில் காவடியும் போயிருக்கிறது. குன்றக்குடியில் கூடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி, நத்தம், திண்டுக்கல் என்று தங்கித் தங்கிப் போவார்கள். காவடி எடுத்தவர்கள் பழனியிலிருந்து திரும்பி வருவதும் நடைதான், பஸ் ஏறுகிற பேச்சே கிடையாது. இப்போது நகரத்தார் மட்டுமா நடக்கிறார்கள்? எல்லாச் சாதியும், எல்லாக் கிராமமும், மஞ்சள் வேட்டி, பச்சை வேட்டி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற பெண்கள் வரைக்கும்.

இந்த ரோட்டில் வரலாறு கொஞ்சநஞ்சம் இல்லை. காரைக்குடியை விட்டு வந்தால் முதலில் குன்றக்குடி. பெரிய மருதுவுக்கு முதுகில் வந்த ராஜபிளவைக் கட்டி இந்த முருகன் அருளால் ஆறியதாக ஊரில் சொல்வார்கள், கோயிலுக்கு மருதிருவர் செய்த திருப்பணி இன்றும் பேச்சில் இருக்கிறது. அப்புறம் பிள்ளையார்பட்டி. பக்கத்தில் சிறுவயல், எல்லோருக்கும் மஞ்சுவிரட்டால் தெரிந்த ஊர். 1801-ல் மருதுவோடு சண்டை போட்ட ஆங்கிலேயக் கர்னல் அக்னியூவின் படை இந்தச் சிறுவயலில் இருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி ரோடு போடப் பார்த்தது. ஒரு மாதம் போல மரம் வெட்டியும் போய்ச் சேர முடியவில்லை, பகலில் வெட்டுவார்கள், மருதுவின் ஆட்கள் சும்மா விடுவார்களா, கடைசியில் விட்டுவிட்டு வேறு வழியாகப் போய் அக்டோபர் 1-ம் தேதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அதே மாதம் 24-ம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள். அந்தத் திருப்பத்தூர் வழியாகத்தான் இந்த ரோடும் போகிறது. இன்னும் மேற்கே போனால் நத்தம். 1755-ல் ஆங்கிலேயக் கர்னல் ஹெரானின் படை திருமோகூர் கோயில் சிலைகளை அள்ளிக்கொண்டு நத்தம் கணவாய் வழியே திரும்பியபோது கள்ளர் சமூகத்தார் மறித்து அடித்துச் சிலைகளை மீட்டது அங்கேதான். பட்டாளம் வெட்டப் பார்த்த ரோடு பாதியில் நின்றது, உப்புக்காரனும் காவடிக்காரனும் நடந்த தடம் இன்று தேசிய நெடுஞ்சாலை. எனக்கு இதை நினைத்தால் ஒரு சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ரோட்டில் வேலைக்காகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவன் நான், தை மாதம் நடந்தும் போயிருக்கிறேன். காரில் போகும்போது ரோடு நல்ல ரோடு. நடக்கும்போதுதான் தெரியும், அதில் நடக்க இடமே இல்லை என்று.

வெயில் ஏறியபின் செருப்பில்லாமல் நடக்கிறவர்களின் காலைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் ரோட்டோரத்து வெள்ளைக்கோட்டின் மேலேயே ஒற்றை வரிசையில் போவார்கள். தை மாதம்தானே என்று நினைக்காதீர்கள், பதினோரு மணிக்கு மேல் தார் கொதிக்கும், வெள்ளை பெயின்ட்டில் மட்டும் சூடு குறைவு. அந்தக் கோட்டின் அகலம் ஒரு பாதத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் உடைந்த ஜல்லி, பாட்டில் ஓடு, கருவேல முள். இந்தப் பக்கம் நகர்ந்தால் முழங்கையை உரசுகிற மாதிரி பஸ். பாலம் வந்துவிட்டால் இன்னும் மோசம், ஓரமாக இரும்புத் தடுப்பை அடித்து வைத்திருப்பார்கள், வண்டி வெளியே விழாமல் இருக்க அது வேண்டியதுதான், ஆனால் நடக்கிறவன் தடுப்புக்கு உள்ளே, வண்டியோடு வண்டியாக நிற்க வேண்டியிருக்கிறது. இருட்டியபின் முதுகுப் பையில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்தான் துணை. கொட்டாம்பட்டியில் திருச்சி–மதுரை நாலுவழிச்சாலையைக் கடந்து போகிற கூட்டத்தைப் பார்த்தால் முருகா என்று வாயில் தானாக வரும்.

இது யாரோ ஒரு இன்ஜினியரின் கல்நெஞ்சு என்று நான் நினைக்கவில்லை. எண்ணுகிற முறையே அப்படி இருக்கிறது. ரோட்டை எவ்வளவு அகலமாகப் போடுவது என்று முடிவு செய்ய வண்டிகளை எண்ணுவார்கள், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்பு. ரோடு போட விதிமுறை வகுக்கிற இன்ஜினியர்கள் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் போட்ட கிராமப்புறச் சாலைக் கணக்கில் கார் என்றால் ஒன்று, பஸ்ஸும் லாரியும் மூன்று, சைக்கிள் அரை, மாட்டுவண்டி எட்டு. மெதுவாகப் போய் ரோட்டை அடைக்கிற வண்டிக்கு மதிப்பு அதிகம், அதில் நியாயம் இருக்கிறது. நடக்கிறவன்? அந்தப் பட்டியலிலேயே இல்லை. எட்டு மார்க் வாங்குகிற மாடு, சைபர் வாங்குகிற மனுஷன்.

இதோடு போகவில்லை. வண்டி எண்ணுவது ஏழு நாள் தொடர்ச்சியாக, வழக்கமான நாட்களில்தான் எண்ண வேண்டும், திருவிழா, கண்காட்சி மாதிரி இருந்தால் தள்ளிப்போட வேண்டும் என்பது விதி. பொதுவாகப் பார்த்தால் சரியான விதி. ஆனால் பழனி ரோட்டில் அந்த விதியைப் போட்டால் என்ன ஆகும்? ரோடு உண்டான காரணமே கணக்கில் வராமல் போகும். தைப்பூசத்தை ஒட்டி ஆயிரக்கணக்கில் ஆள் நடக்கிற ரோடு, ஃபைலில் ஆளே நடக்காத ரோடாக இருக்கும்.

“வருஷத்தில் பத்து பதினைஞ்சு நாள் கூத்துக்கு கோடிக்கணக்கில் செலவு செய்யணுமா?” என்று ஒரு நண்பர் கேட்டார். வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஆடு ஓட்டுகிறவர்களும், பஸ்ஸுக்கு நிற்கிற பாட்டிகளும் அதே ஓரத்தில்தான் நிற்கிறார்கள் அண்ணே, அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நடக்கிறவர்கள் பக்கமும் தப்பு இல்லாமல் இல்லை. ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, நாலு பேர் கைகோத்து, ராத்திரி ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு போகிற இளவட்டத்தைப் பார்த்து நானே ஹாரன் அடித்துத் திட்டியிருக்கிறேன். லாரி ஓட்டுகிறவரின் நிலைமையும் பாவம்தான், எதிரே ஹெட்லைட், ஓரத்தில் இருட்டில் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப சாமி, அவர் எங்கே திருப்புவார்?

செய்யவே முடியாத காரியமும் இல்லை இது. திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் பழனி ரோட்டில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே பேவர் பிளாக் நடைபாதை போட்டார்கள். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் போட்டதோடு சரி. பல இடத்தில் கல் பெயர்ந்து விளிம்பு நிற்கிறது, முள் மூடியிருக்கிறது, கடைக்காரர் பந்தல் போட்டிருக்கிறார், ஜனம் மறுபடி வெள்ளைக்கோட்டுக்கே வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் சிமென்ட் கல்லே வேண்டாம். ரோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு வரிசை மரம், அந்தப் பக்கம் ஆறடி அகலத்தில் செம்மண், வருஷத்துக்கு ஒரு தடவை மார்கழியில் முள் வெட்டி ரோலர் ஓட்டினால் போதும். வெறுங்காலுக்கு மண்ணைவிட நல்ல தரை உண்டா? எங்கள் மண்ணே செம்மண், வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவர வேண்டிய அவசியம்கூட இல்லை.

மரம் என்றதும் புளியமரம் ஞாபகம் வருகிறது. ரோட்டை அகலப்படுத்துகிற இடத்தில் எல்லாம் முதலில் போவது அதுதான். வெட்டின மரத்துக்குப் பதிலாக நடுகிறோம் என்று சொல்லி நடுத்திட்டில் அரளியை நடுகிறார்கள். அரளி பூ அழகாகத்தான் இருக்கிறது. அதன் நிழலில் உட்கார ஒரு கோழிக்குஞ்சுக்கு இடம் இருக்குமா என்று பாருங்கள்.

திருப்பத்தூருக்கு மேற்கே இன்னும் இருவழியாகவே கிடக்கிற ரோட்டை இன்றோ நாளையோ அகலப்படுத்தத்தான் போகிறார்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை, நானும் சொல்லவில்லை. நிலம் எடுக்கும்போதே ஒரு பக்கம் ஆறடி சேர்த்து எடுத்தால்தான் உண்டு, பின்னால் கேட்டால் இடம் இல்லை என்ற ஒரே பதில்தான் வரும். கருத்துக்கேட்புக் கூட்டம் என்று தாலுகா ஆபீசில் நோட்டீஸ் ஒட்டினால் அன்னதானம் போடுகிற குழுக்காரர்கள், காவடிக் குழுக்காரர்கள், ரோட்டோரத்துப் பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லோரும் போய் இதை எழுதிக் கொடுங்கள். வண்டி எண்ண வருகிறவர்களிடமும் ஒரு வார்த்தை: வழக்கமான ஏழு நாளை எண்ணிக்கொள்ளுங்கள், தை மாதம் இன்னொரு ஏழு நாள் வந்து நடக்கிற கால்களையும் எண்ணுங்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், வழி நெடுக அன்னதானம் உண்டு.