எலியைக் கொன்ற சர்க்கரை உறை

பிரிட்டிஷ் பாக்டீரியா ஆய்வாளர் கிரிஃபித்தின் எலிகளை உயிரியல் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டு 1928. நிமோகாக்கஸ் பாக்டீரியாவில் இரண்டு ரகம். வழவழப்பானது எலியைக் கொல்லும், சொரசொரப்பானது கொல்லாது. வழவழப்பு ரகத்தைச் சூடுபடுத்திக் கொன்று, உயிருள்ள சொரசொரப்பு ரகத்தோடு கலந்து ஊசி போட்டால் எலி செத்துப் போகிறது. அதன் ரத்தத்தில் உயிரோடு வழவழப்பு ரகம்! 1944-இல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் இந்த மாற்றத்துக்குக் காரணம் டிஎன்ஏ என்று காட்டினார்கள். பாடம் அங்கே முடிந்துவிடும்.

எனக்கு இந்தப் பாடத்தின் மேல் ஒரு மனக்குறை உண்டு. அந்த டிஎன்ஏ சொரசொரப்பு பாக்டீரியாவுக்கு என்ன திறமையைக் கொடுத்தது? சர்க்கரை உறை ஒன்றைத் தயாரிக்கும் திறமையை. வழவழப்பு என்று சொன்னதே அந்த உறையைத்தான். பாக்டீரியாவை விழுங்க வரும் வெள்ளையணுக்களுக்கு உறை பிடி கொடுக்காது. எலி செத்தது அதனால்தான். இதே ஏவரி 1923-இலேயே ஹைடல்பெர்கரோடு சேர்ந்து, நிமோகாக்கஸின் வகைகளை வேறுபடுத்துவது சர்க்கரைச் சங்கிலிகள்தான் என்று கண்டிருந்தார். நோய் எதிர்ப்பைத் தூண்டுவது புரதம் மட்டுமே என்று பலர் நம்பிய காலம் அது. ஆனால் பாடப்புத்தகத்தில் டிஎன்ஏ கதாநாயகன் ஆகிவிட்டது, சர்க்கரை காணாமல் போய்விட்டது.

இது ஏதோ வரலாற்று ஆர்வலனின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை என்றால் எரிபொருள் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டோம். நம் ஒவ்வொரு செல்லின் மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து நிற்கின்றன, பாக்டீரியா நம் உடலில் முதலில் தொடுவது பெரும்பாலும் அவற்றைத்தான் என்பது பலருக்குத் தெரியாது. ரத்த வகை ஏ, பி, ஓ என்கிறோமே, அதுவும் சிவப்பணுவின் மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் இருக்கும் வேறுபாடுதான். ஓ வகைக்காரர்களுக்குக் காலரா வந்தால் நோய் கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலரா நச்சு குடலுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வதும் ஜிஎம்1 என்ற, சர்க்கரை ஏந்திய கொழுப்பைத்தான்.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது பாக்டீரியாக்களின் வேஷம். மெனிஞ்சைட்டிஸ் எனும் மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸின் பி வகை, சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைச் சங்கிலியாகக் கோத்துப் போர்த்திக்கொள்கிறது. கருவில் வளரும் குழந்தையின் மூளைச் செல்களின் மேல் இருப்பதும் அச்சு அசலாக அதே சங்கிலிதான். காவலாளியின் சீருடையிலேயே திருடன் வந்தால் யார் தடுப்பது? அந்தச் சர்க்கரையை வைத்துத் தடுப்பூசி செய்தால் நம் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அப்படியே கண்டுகொண்டாலும் நம் நரம்புகளையே தாக்குமோ என்ற பயம் இருக்கிறது. அதனால்தான் மற்ற வகைகளுக்குச் சர்க்கரைத் தடுப்பூசி வந்து பல காலம் ஆன பிறகும் பி வகைக்கு வரவில்லை. வேறு புரதங்களைத் தேடிப் பிடித்துச் செய்த தடுப்பூசிக்கு ஐரோப்பாவில் 2013-இல்தான் அனுமதி கிடைத்தது.

அந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பிலோபாக்டரின் சில ரகங்கள் நம் நரம்பில் உள்ள சர்க்கரையைப் போலவே ஒன்றை மேலே வைத்திருக்கின்றன. அதற்கு எதிராக உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள் சிலருக்கு நரம்பையே தாக்கி, கை கால்களைச் செயலிழக்கச் செய்கிறது. கியான் பாரே நோய்க்குறி என்பது அது.

சரி, இந்த அறிவால் என்ன லாபம்? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. சர்க்கரை அறிவியலின் மிகப் பெரிய வெற்றி தடுப்பூசி. அதை யாரும் சர்க்கரையின் கணக்கில் எழுதுவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் வெறும் சர்க்கரை உறைக்குச் சரியாகப் பதில் சொல்லாது. உதவிக்கு வரும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்குப் புரதத் துண்டுகளைக் காட்டினால்தான் புரியும், சர்க்கரைச் சங்கிலியைக் காட்டினால் புரியாது. அதனால் சர்க்கரையை ஒரு புரதத்தோடு ஒட்டிக் கொடுத்தார்கள். சர்க்கரையை அடையாளம் கண்ட, எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும் பி செல் இரண்டையும் சேர்த்து விழுங்கி, புரதத் துண்டை டி செல்லிடம் காட்டி உதவி வாங்கிக்கொள்கிறது. ஹிப் என்று சுருக்கமாகச் சொல்லும் பாக்டீரியாவுக்கு எதிராக இப்படிச் செய்த முதல் தடுப்பூசி அமெரிக்காவில் 1987-இல் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சிக்கு அங்கே முதன்மைக் காரணமாக இருந்த கிருமி அது. தடுப்பூசிக்குப் பிறகு சின்னக் குழந்தைகளிடம் அதன் கடும் தொற்று 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது.

இத்தனைக்கும் ஒட்டிக் கொடுக்கலாம் என்ற யோசனை பழையது. ஏவரியும் கோபலும் 1929-லேயே செய்து பார்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஏவரியும் துபோவும் மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றிலிருந்து நொதி எடுத்து, நிமோகாக்கஸின் மூன்றாம் வகை உறையைக் கரைத்து எலிகளைப் பிழைக்க வைத்தார்கள். அப்புறம் பாக்டீரியாவை அடக்கும் சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் வந்துவிட்டன. 1940-களில் வந்த நிமோகாக்கஸ் தடுப்பூசிகள்கூட வாங்க ஆளில்லாமல் சந்தையை விட்டுப் போயின. 1977-இல்தான் 14 வகைகளுக்கான தடுப்பூசி அமெரிக்காவில் மறுபடி வந்தது. பெனிசிலினைக் கையில் வைத்துக்கொண்டு சர்க்கரையை யார் கவனிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிய பிறகும் கவனிக்காமல் இருப்பது எனக்குப் புரியவில்லை.

இப்போது சர்க்கரை என்ற பெயர் எங்கே அடிபடுகிறது தெரியுமா? மேனோஸ் என்ற சர்க்கரையின் பொடி டப்பாவில். சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை, ஃபிம்ஹெச் என்ற புரதத்தால் சிறுநீர்ப்பைச் சுவரின் மேனோஸைப் பிடித்துக்கொள்கிறது. சிறுநீர் பாய்ந்து இழுக்க இழுக்கப் பிடி தளர்வதற்குப் பதில் இறுகும், அவ்வளவு கெட்டிக்காரப் புரதம். அப்படியானால் மேனோஸைக் குடித்தால் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடாதா? அழகான யோசனை. நம் சிறுநீரில் யூரோமாடுலின் என்ற புரதம் இயல்பாகவே இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் இங்கிலாந்தில் அடிக்கடித் தொற்று வரும் 598 பெண்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. ஆறு மாதம் தினமும் மேனோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் மறுபடி தொற்றுக்காக மருத்துவ உதவி தேடினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு சர்க்கரை எடுத்தவர்களில் 55.7 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான்.

இதைச் சொன்னால் 'எனக்குப் பலித்ததே' என்று கருத்துப் பெட்டியில் நாலு பேர் வருவார்கள். வரட்டும். வேறு சர்க்கரை எடுத்தவர்களிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அந்த ஆறு மாதத்தை மறுபடி உதவி தேடாமலே கடந்திருக்கிறார்கள். சாதாரண மேனோஸ் ஃபிம்ஹெச்சோடு ஒட்டும் பிடி பலவீனமானது. அதைவிடப் பல மடங்கு இறுக்கமாக ஒட்டும்படி வேதியியலாளர்கள் வடிவமைத்த மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆய்வுப் பணம் போக வேண்டிய இடம் அது. பொடி டப்பாவில் 'இயற்கையானது' என்று அச்சடிக்க ஆகும் செலவில் பாதி அங்கே போனால்கூட எனக்குச் சந்தோஷம்தான்.